கம்ப்யூட்டர் கத்தினால் பதற வேண்டாம்: போலி ஆன்டிவைரஸைக் கண்டுபிடித்து நீக்க முழுமையான வழிகாட்டி

சித்தி போன் செய்தபோது அவர் குரலுக்குப் பின்னால் சைரன் மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எதையோ எச்சரித்தது.

“கம்ப்யூட்டர் கத்துதுப்பா, தொடவே பயமா இருக்கு. பேங்க் பாஸ்வேர்டெல்லாம் திருடு போயிடும்னு எழுதியிருக்கு. ஒரு நம்பரும் குடுத்திருக்கான்.”

“அந்த நம்பருக்குப் பேசினீங்களா சித்தி?”

“இல்ல, உனக்குத்தான் முதல்ல அடிச்சேன்.”

அது போதும். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சில நொடிகளில் முழுத்திரை விலகி, பிரவுசரின் முகவரிப் பட்டை மேலே தெரிந்தது. அந்தப் பக்கத்தை மூடினார். சத்தம் நின்றுவிட்டது. அன்று சித்தியின் கணினியில் ஒரு வைரஸும் இல்லை. சமையல் குறிப்பு தேடிப் போன இடத்தில் ஒரு விளம்பரம் திறந்துவிட்ட வெறும் இணையப் பக்கம்தான் அப்படிக் கத்தியது.

போலி ஆன்டிவைரஸ் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வெவ்வேறு விஷயங்கள். ஒன்று, சித்திக்கு வந்தது போன்ற இணையப் பக்கம். இரண்டு, திரையின் ஓரத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும் நோட்டிபிகேஷன். மூன்று, நிஜமாகவே கணினிக்குள் நிறுவப்பட்டுவிட்ட நிரல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பயத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான், ஒரு பக்கத்தை மூடினால் தீரும் விஷயத்துக்குப் பலர் கணினியைக் கடைக்குத் தூக்கிப்போய் பார்மட் செய்கிறார்கள். சிலர் அந்த நம்பருக்குப் பேசிப் பணத்தை இழக்கிறார்கள். அதனால் எதை நீக்குவது என்பதற்கு முன்னால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இது புதிய ஏமாற்று இல்லை. வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்கள் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இவற்றை விற்ற இன்னொவேடிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008 டிசம்பரில் நீதிமன்றம் போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்திருந்தார்கள். 2012இல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2011 மே மாதம் ‘மேக் டிஃபெண்டர்’ என்ற பெயரில் ஆப்பிள் கணினிகளுக்கும் இதே வலை விரிக்கப்பட்டது. மேக் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் பொய்யான நிரலை நிறுவ வைத்து, ‘வைரஸை நீக்க முழுப் பதிப்பை வாங்கு’ என்பார்கள். இப்போது விண்டோஸுக்குள்ளேயே ‘டிஃபெண்டர்’ என்ற நல்ல ஆன்டிவைரஸ் வந்துவிட்டதால், ஒரு பக்கத்தைக் காட்டி பயமுறுத்தி, போனில் பேச வைப்பதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

போலி என்று எப்படித் தெரியும்?

திரையில் தொலைபேசி எண் இருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். தங்களுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் எப்போதும் இருக்காது என்று மைக்ரோசாப்டே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ‘5 நிமிடத்தில் கணினி முடங்கும்’ என்று பின்னோக்கி ஓடும் கடிகாரமும், கணினியை அணைக்காதே என்ற மிரட்டலும் அதே கும்பலின் அடையாளங்கள்.

உங்கள் ஊர், இணைய நிறுவனத்தின் பெயர், ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எல்லாம் அந்தப் பக்கத்தில் சரியாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். நீங்கள் போகும் எந்த இணையதளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும், அதை வைத்து ஊரையும் நிறுவனத்தையும் ஏறக்குறைய சொல்லிவிடலாம். உள்ளே யாரும் நுழைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இன்னொன்று, கோப்புகளின் பெயர்கள் சரசரவென்று ஓட, ‘ஸ்கேன்’ நடப்பது போலக் காட்டுவார்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத வரை, ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்புகளைப் படிக்க முடியாது. ஓடுவது வெறும் அனிமேஷன். முழு ஸ்கேன் என்பது நிஜத்தில் பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கில் ஓடும். இவர்கள் பத்து நொடியில் முடித்து 5 வைரஸ் என்பார்கள்.

முதல் வேலை: எதையும் அழுத்தாதீர்கள்

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ‘ஓகே’, ‘கேன்சல்’, ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறி எதையும் தொட வேண்டாம். அவை நிஜப் பொத்தான்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை, எதை அழுத்தினாலும் அவர்கள் விரும்பும் வேலையே நடக்கும்படி செய்திருப்பார்கள். நம்பருக்குப் போன் செய்ய வேண்டாம், அட்டை விவரம் கொடுக்க வேண்டாம்.

இப்போது பிரவுசரை முழுவதுமாக மூடுங்கள். எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை விடுபடும். இல்லையென்றால் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதுவும் கேட்கவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். பட்டியலில் உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மேக் என்றால் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப். எதுவுமே முடியவில்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். சேமிக்காத வேலை போகும், வேறு நஷ்டமில்லை.

திரும்பத் திறக்கும்போது, ‘முன்பிருந்த பக்கங்களை மீட்கவா’ என்று பிரவுசர் கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். கை பழக்கத்தில் சரி என்று அழுத்தி அதே பக்கத்தை மறுபடி வரவழைப்பவர்கள் நிறையப் பேர். மேக்கில் சஃபாரியை ஷிப்ட் அழுத்தியபடி திறந்தால் பழைய பக்கங்கள் வராது.

சத்தம் அதோடு நின்று, திரும்ப வரவில்லையா? முதல் வகை, முடிந்தது. ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரை மட்டும் ஒரு முறை பாருங்கள். நீங்கள் கேட்காத கோப்பு ஏதாவது இறங்கியிருந்தால், திறக்காமல் அழித்துவிட்டு மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யுங்கள். நிறுவும் கோப்பு இறங்கி மட்டும் கிடந்தால் கெடுதல் இல்லை, அதைத் திறந்து ஓட்டினால்தான் ஆபத்து.

பிரவுசரை மூடியும் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தால், அதைக் கூர்ந்து பாருங்கள். பெட்டியில் ஏதோ ஓர் ஓரத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், கேள்விப்படாத ஓர் இணையதள முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். இது இரண்டாம் வகை. குரோம், எட்ஜ் போன்றவை ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓட முடியும், அதனால்தான் மூடிய பிறகும் வருகிறது.

இணையத்தைத் துண்டித்து, கணினியை அணைத்துத் திறந்த பிறகும், தனக்கென்று ஒரு ஜன்னலும் டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானும் வைத்துக்கொண்டு ஒன்று வந்து நின்றால், அது மூன்றாம் வகை.

நோட்டிபிகேஷன் வகையை நீக்குவது

வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிப்படுத்த அலவ் அழுத்துங்கள்’ என்று வந்திருக்கும். அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு அழுத்தம், அந்தத் தளம் எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரையில் செய்தி காட்டலாம் என்ற அனுமதி. அதை வைத்துக்கொண்டு, பிரபலமான ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் சின்னத்தை ஒட்டி ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது’ என்று அனுப்புவார்கள்.

குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’ என்று போங்கள். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் நோட்டிபிகேஷன் என்று தட்டினால் அந்த இடம் வந்துவிடும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அர்த்தமில்லாத எழுத்துகளைக் கோத்த பெயர்களைப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்துவிடும். ஒவ்வொன்றையும் ‘பிளாக்’ செய்யுங்கள். ‘ரிமூவ்’ செய்தால் அடுத்த முறை அந்தத் தளம் மறுபடி கேட்கும், பிளாக் செய்தால் கேட்கவும் முடியாது. எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அதே பக்கத்தில் உண்டு. பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் நான் அதைத்தான் வைத்துவிடுவேன்.

கையோடு ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களின் பட்டியலையும் பார்த்து, யார் போட்டது என்று தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள்.

உள்ளே புகுந்துவிட்ட நிரல்

இங்கே நிதானம் வேண்டும். முதலில் அது போலிதானா என்று பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே போட்டு வரும். காலம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். எரிச்சல்தான், ஆனால் மோசடி இல்லை. வேண்டாமென்றால் வழக்கமான முறையில் நீக்கிவிடலாம். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, இடது கீழே ‘செட்டிங்ஸ்’, அதில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்று போனால், விண்டோஸ் எந்தெந்த ஆன்டிவைரஸை அங்கீகரித்திருக்கிறது என்று தெரியும். அதில் பெயர் இல்லாத ஒன்று தன்னை ஆன்டிவைரஸ் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் அந்த ஐகானை வலது கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுங்கள். நிரல் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ ஃபோல்டருக்குள்ளோ, அர்த்தமில்லாத பெயருள்ள ஃபோல்டருக்குள்ளோ உட்கார்ந்திருந்தால் நல்லதில்லை. கோப்பின் ‘புராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதியே இல்லாவிட்டாலும் அப்படித்தான். கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் அந்தக் கோப்பை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் தீர்ப்புச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம், ஏற்றுவது மற்றவர்கள் கைக்கும் போகும்.

கணினியைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் நிரல்களும் இதே இனம்தான். ஒரு முறை பக்கத்து வீட்டு மடிக்கணினியில் அப்படி ஒன்று ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் இருப்பதாகச் சொன்னது. கணினியைத் துடைத்து, புதிதாக விண்டோஸ் போட்டு, வேறு எதுவுமே நிறுவாமல் அதே நிரலை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் நூற்றுக்கணக்கில் பிழைகள், சரிசெய்யக் காசு கேட்டது. அந்த வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு வருடச் சந்தா கட்டியிருந்தார்.

சரி, போலிதான் என்று உறுதியாகிவிட்டது. இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. வைஃபையை அணையுங்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் மட்டும் ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். நிறுவும் கோப்பு எதையும் அதில் போடாதீர்கள்.

2. வேறொரு நல்ல கணினியில், கெட்ட நிரல்களைத் தேடி நீக்கும் கருவிகளான மைக்ரோசாப்ட் சேஃப்டி ஸ்கேனரையும், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையும் இறக்கி, இன்னொரு பென் டிரைவில் கொண்டு வாருங்கள். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அதனால் பழைய நகல் உதவாது. தேடலில் முதலில் வரும் ‘ஸ்பான்சர்ட்’ இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நீக்கும் கருவியின் பெயரிலும் போலிகள் உண்டு.

3. கணினியைச் ‘சேஃப் மோட்’டில் திறக்க வேண்டும். ஷிப்டை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலத் திரையில் ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’. பிறகு வரும் பட்டியலில் 4. இணையமும் தேவை என்றால் 5. சில கணினிகள் இந்த இடத்தில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், முன்பே போனில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் விண்டோஸுக்கு அவசியமானவை மட்டும்தான் ஓடும், கணினியோடு சேர்ந்து எழுந்து நம்மைத் தடுக்கும் நிரல் தூங்கிக் கிடக்கும். அதனால்தான் இவ்வளவு சுற்று.

4. ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். போலி எந்த நாளில் வந்ததோ அதே நாளில் கூடவே வந்த மற்ற சாமான்களும் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கும்போது ‘பாதுகாப்பை இழக்கப் போகிறீர்கள், நிச்சயமா?’ என்று கேட்டு, பெரிய பச்சைப் பொத்தானில் ‘வைத்துக்கொள்’ என்று எழுதியிருப்பார்கள். நிதானமாகப் படித்து அழுத்துங்கள். சேஃப் மோடில் சில நிரல்களை நீக்க முடியாமல் போகலாம், அப்படியானால் அடுத்த படிகளை முடித்துவிட்டு, சாதாரணமாகத் திறந்து நீக்குங்கள்.

5. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில், தெரியாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்று தேடித் திறந்தால், மணிக்கொரு முறை ஏதாவது பக்கத்தைத் திறக்கும் வேலை அங்கே ஒளிந்திருக்கலாம். மைக்ரோசாப்ட் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவற்றில் கை வைக்காதீர்கள்.

6. பென் டிரைவிலிருந்து சேஃப்டி ஸ்கேனரை முழு ஸ்கேனில் ஓட்டுங்கள். கணினியைச் சாதாரணமாகத் திறந்து, இணையத்தை இணைத்து, மால்வேர்பைட்ஸை ஓட்டுங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய், ‘மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக ஓடத் தொடங்கும் முன்பே தேடும். 15 நிமிடம் பிடிக்கும்.

ஸ்கேன் சுத்தம் என்று வந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். இன்னும் மூன்று இடம் பாக்கி இருக்கிறது. டிஃபெண்டரின் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். இந்த இடத்தைத் தேடாதே என்று போலி நிரல் தன் ஃபோல்டரையே அதில் எழுதிவிட்டுப் போயிருக்கும், சில சமயம் சி டிரைவ் முழுவதையும். நீங்கள் போடாத எதையும் அழியுங்கள். அடுத்து, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் ‘ப்ராக்ஸி’. நீங்கள் அமைக்காத முகவரி இருந்தால் அணைத்துவிடுங்கள், உங்கள் இணையப் போக்குவரத்து யாரோ ஒருவர் வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். மூன்றாவது, பிரவுசரின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’. புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் அதில் போகாது.

வீட்டுக் கணினியில் ‘இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்’ என்று டிஃபெண்டர் சொல்லி, அதை இயக்கவே முடியவில்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம். ‘ரிகவரி’யில் ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து, ‘கிளவுட் டவுன்லோட்’ மூலம் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது மேல்.

நம்பருக்குப் பேசிவிட்டீர்களா? உள்ளே விட்டுவிட்டீர்களா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், நேரம்தான் இங்கே பணம். எதிர்முனையில் இருப்பவர்கள் இதையே தொழிலாகப் பழகியவர்கள். 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்று 76 இடங்களில் சோதனை போட்டது. நிறுவனங்களின் பெயரைச் சொல்லித் தொழில்நுட்ப உதவி தருவதாக ஏமாற்றிய கால் சென்டர்கள் மீது மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவச் சொல்லியிருப்பார்கள். அவை நல்ல நிரல்கள்தான், ஆனால் அந்த வழியாக அவர்கள் உங்கள் கணினியை உங்களைப் போலவே இயக்க முடியும். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் மீட்க முடியும். பிறகு வங்கி. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தேர்வைக் கொடுங்கள். கணினியைப் பொறுத்தவரை, அந்நியர் உள்ளே வந்து போன பிறகு சுத்தம் செய்து நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. நேராக ரீசெட்தான்.

பணம் போயிருந்தால் வங்கிக்குப் பேசி அட்டையை முடக்குங்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரங்களைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. அதனால்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சில வாரம் கழித்து, ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று ஒருவர் கூப்பிட்டால் அதுவும் அதே கூட்டம்தான்.

திரும்ப வராமல் இருக்க

தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு, புதுப்பித்து வைத்த டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. ‘ரியல்டைம் ப்ரொடெக்‌ஷன்’, ‘டேம்பர் ப்ரொடெக்‌ஷன்’ இரண்டும் இயங்க வேண்டும். முதலாவது எப்போதும் காவல் காக்கும், இரண்டாவது மற்ற நிரல்கள் டிஃபெண்டரை அணைக்காமல் தடுக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதில் இருப்பவர்கள் மாறும் ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிராக் செய்த மென்பொருளும் திருட்டுப் படத் தளங்களும்தான் இந்தச் சரக்கு நம் வீடுகளுக்குள் வரும் பெரிய வாசல். அந்தப் பக்கங்களில் பெரிதாக ஒளிரும் ‘டவுன்லோட்’ பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். யூபிளாக் ஆரிஜின் லைட் போன்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டாலே பாதி தொல்லை குறையும். குழந்தைகளும் பெரியவர்களும் பயன்படுத்த, நிர்வாகி உரிமை இல்லாத ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். தெரியாமல் எதையாவது திறந்தாலும், நிர்வாகி உரிமை கேட்கும் நிரல்கள் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகாது.

சித்தி வீட்டு மானிட்டரின் ஓரத்தில் இப்போது ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதியது: ‘கத்தினால், எஸ்கேப்பை அமுக்கிப் பிடி. போகலைன்னா பவரை ஆஃப் பண்ணு. நம்பருக்குப் பேசாதே.’ கீழே என் செல்போன் எண். போன மாதம் மறுபடி கத்தியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து, வேறு எதற்கோ பேசும்போதுதான் அதைச் சொன்னார்.